வெளியே வென்ற இருபத்தெட்டுப் பேர்

அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் அவள் கணவருக்கு வேலை கிடைத்திருந்தது. அவர் இறந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது.

பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே இருக்கும் பைண்டிங் கடையில் அவள் வேலை பார்த்தாள். அச்சகத்திலிருந்து கட்டுக்கட்டாக வரும் தாள்களைப் பக்க வரிசையில் அடுக்க வேண்டும், தைக்க வேண்டும், பசை தடவி அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்து அடிக்க வேண்டும். பதினோரு வருஷத்தில் நானூறு ஆய்வேடுகளாவது அவள் கையால் தைக்கப்பட்டிருக்கும். மாணவர்களுக்கு அவள் பைண்டிங் அக்கா. அடுக்கும்போதே படித்துவிடுகிற பழக்கம் அவளுக்கு உண்டு. கடை முதலாளிக்கு அது பிடிக்காது. "நீ தைக்கிறவ. படிக்கிறவ இல்ல," என்பார். அவள் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவாள்.

அன்று வந்தது நூற்றைம்பது பிரதி. ஆய்வுப் பட்டதாரிகள் புறத்தொழில் மாற்ற வழிகாட்டு மையத்தின் ஆண்டறிக்கை. இந்தப் பெயர் முதுகில் எப்படி அடங்கும் என்று எழுத்துகளை எண்ணிக்கொண்டே புரட்டியவள் பதினான்காம் பக்கத்தில் நின்றுவிட்டாள். 'வெளியே வென்றவர்கள்' என்று தலைப்பு. கீழே இருபத்தெட்டுப் பெயர்கள். முதல் பெயர் அவருடையது. அதற்கு எதிரே இப்படிப் போட்டிருந்தது: 'வெளியே சென்றுவிட்டார். நல்ல இடம். நிரந்தரம். திரும்பி வரும் எண்ணம் இல்லை. குடும்பத்தினர் உறுதி செய்தனர்.'

குடும்பத்தினர் என்றால் அவள்தான். அவருக்கு வேறு குடும்பம் கிடையாது.

"என்ன நின்னுட்ட?" என்றார் முதலாளி.

"இவர் பேர் இருக்கு."

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "நல்ல விஷயந்தானே," என்று பாதி சொல்லும்போதே நினைவு வந்து கண்ணாடியைக் கழற்றினார். "தப்பா விழுந்திருக்கும். போய்ச் சொல்லிட்டு வா. அங்க அவரோட பேராசிரியர்தானே இருக்கார், உடனே மாத்திருவார். ஆனா டெலிவரி வெள்ளிக்கிழமை, ஞாபகம் வச்சுக்க."

அவள் கணவர் கரையான்களை ஆராய்ந்தவர். விடுதியிலும் டீக்கடையிலும் அவர் பெயரே கரையான்தான். புத்தகம் தைக்கிறவள் கரையானைக் கட்டிக்கொண்டாளே என்று கடைத்தெரு முழுக்கச் சிரித்தது. அவர்கள் பழகியதே ஒரு பிழையால்தான். 'கரையான்களின் சமூக வாழ்வு' என்ற தலைப்பை அவள் கைதவறி 'சமூகத் தாழ்வு' என்று அடித்துவிட்டாள். சண்டை போட வந்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதுங்ககிட்ட அப்படி ஒண்ணும் கிடையாதுங்க. ராணிகூட ஒரு விதத்துல கைதிதான்," என்றார். அதன்பிறகு ஒரு மணி நேரம் கரையானைப் பற்றியே பேசினார். அதற்குள் அவள் மூன்று பிரதிகளின் அட்டையையும் பிரித்து, புதிதாக ஒட்டி, சரியாக அடித்தும் முடித்திருந்தாள். அவர் போகவில்லை.

பட்டம் வந்தது. அவருடைய ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர் துறையிலேயே ஒரு வேலை போட்டுத் தருவதாகச் சொன்னார். அடுத்த வருஷம் என்றார். நான்கு வருஷம் அது அடுத்த வருஷமாகவே இருந்தது. அந்த நான்கு வருஷமும் கரையான் பேராசிரியரின் வகுப்புகளை எடுத்தார், பேராசிரியரின் விடைத்தாள்களைத் திருத்தினார், பேராசிரியரின் கட்டுரைகளை எழுதினார். ஐந்தாம் வருஷம் அந்த வேலை வந்தது. அது துறைத்தலைவரின் மருமகனுக்குப் போனது. பேராசிரியர் கரையானின் தோளில் கை வைத்து, "உன் தகுதிக்கு இந்த இடம் சின்னதுப்பா. நீ வெளிய பாரு," என்றார். அதே மாதம், வெளியே பார்ப்பதற்கென்றே ஒரு மையம் தொடங்கப்பட்டது. அதற்குப் பேராசிரியரே இயக்குநரானார். முதல் பதிவு எண்ணைக் கரையானுக்குக் கொடுத்தார். அதை ஒரு கௌரவமாக நினைத்து அவர் அந்த அட்டையை வீட்டில் இருக்கும்போதும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

மையம் பல்கலைக்கழக மதில் சுவரை ஒட்டி, சுவருக்கு வெளிப்பக்கம் இருந்தது. மூன்று மாடிக் கட்டிடம். வாசலில் 'படித்தது போதும்' என்று பித்தளை எழுத்தில் பொறித்திருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் அதை வெளியேத்துற ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்.

பதினான்கு மாதம் கரையான் அங்கே போய்வந்தார். முதல் நாள் ஒரு படிவத்தில் 'உங்களுக்கு என்ன தெரியும்?' என்று கேட்டிருந்தார்கள். அவர் 'கரையான்' என்று எழுதினார். ஆலோசகர் அம்மா அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'பல லட்சம் பணியாளர்கள் கொண்ட நிறுவனங்களை மிக அருகிலிருந்து கவனித்த அனுபவம்' என்று எழுதிக் கொடுத்தார். அவர் அதை வீட்டில் வந்து வாசித்தபோது இருவரும் சிரித்தார்கள். அப்போது சிரிக்க முடிந்தது.

பிறகு முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க ஆய்வேட்டை ஒரு பக்கமாக்கச் சொன்னார்கள். அடுத்த மாதம் ஒரு பத்தி. அதற்கடுத்த மாதம், ஏதாவது கம்பெனி முதலாளியோடு லிப்டில் ஏற நேர்ந்தால் மூன்றாம் மாடி வருவதற்குள் சொல்லி முடிக்கிற அளவு. மையத்தின் லிப்ட் ஓடாது. ஆகவே பட்டதாரிகள் ஒவ்வொருவராக நின்ற லிப்டுக்குள் போய் நிற்பார்கள். முதலாளியாக நடிக்கும் காவலாளி அவர்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வெளியே ஓர் ஊழியர், "ஒண்ணாம் மாடி... ரெண்டாம் மாடி," என்று குரல் கொடுப்பார். கரையான் இரண்டாம் மாடியிலேயே முடித்துவிட்டார். மிச்சமிருந்த ஒரு மாடி நேரத்தில் காவலாளி மெதுவாக, "எங்க வீட்டு நிலைக்கதவுல கரையான் ஏறியிருக்கு சார், என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். அந்த மையத்தில் அவரிடம் அவர் படிப்பைப் பற்றிக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். அதற்குப் பதில் சொன்னதற்காக அரை மதிப்பெண் குறைத்தார்கள்.

அப்புறம் முன்னொட்டு நீக்கம். அதிகம் படித்தவர் என்று தெரிந்தால் கம்பெனிக்காரர்கள் பயப்படுவார்களாம். எனவே பட்டதாரிகள் வட்டமாக உட்கார்ந்து, பெயருக்கு முன்னால் 'முனைவர்' இல்லாமல் தம் பெயரைச் சொல்லிப் பழகினார்கள். ஆராய்ச்சி செய்த ஆறு வருஷம் எங்கே போனது என்று கேட்டால் குடும்பத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். கரையான் ஒரு மாவு மில்லில் மேற்பார்வையாளர் வேலைக்குப் போனபோது, மாமனாரை ஆறு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்ததாகச் சொன்னார். மில்காரருக்கு மாமனாரைத் தெரியும். "மாப்பிள்ளை, நான் எப்போ படுத்தேன்?" என்று மாமனார் போனில் கேட்டார். அவர் கோபப்பட்டுக்கூடக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

பதினான்காம் மாதப் பயிற்சி, நேர்காணலில் உட்காரும் முறை. முதுகு நாற்காலியோடு ஒட்டியிருக்க வேண்டும். உள்ளங்கை இரண்டும் தொடைமேல். பார்வை எதிராளியின் புருவத்துக்கு நடுவில். முகத்தில் பாதிச் சிரிப்பு. அதற்குச் சான்றிதழும் உண்டு. ஒரு மதியம் அவள் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது அவர் நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு அப்படி உட்கார்ந்திருந்தார். அவள் குரல் கொடுக்கவில்லை. கால் மணி நேரம் சத்தம் போடாமல் தட்டு எடுத்து வைத்தாள், தண்ணீர் எடுத்து வைத்தாள். "போதுங்க, வந்து சாப்பிடுங்க," என்று தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. இதயம் என்றார் மருத்துவர். அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும் என்றும் சொன்னார். சான்றிதழ் மறு வாரம் தபாலில் வந்தது. 'மிக நன்று' என்று போட்டிருந்தது.

இயக்குநர் சாவுக்கு வந்திருந்தார். வண்டியில் ஏற்றும்போது தோள் கொடுத்தார். கைக்குட்டையை எடுக்காமல் அழுதார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எது வேணும்னாலும் நேரா எங்கிட்ட வாம்மா," என்றார். அந்தச் சொல் அவளுக்குப் பெரிய பலமாக இருந்தது. அவரை விட்டால் கரையானின் படிப்பைப் பற்றித் தெரிந்த இன்னொருவர் கிடையாது.

இரண்டு மாதம் கழித்து மையத்திலிருந்து ஒரு போன் வந்தது. அடக்கமான ஆண்குரல்.

"சார் இருக்காருங்களா?"

"இல்லீங்க."

"வெளிய போயிருக்காரா?"

"அவர் போய்ட்டாருங்க. ரெண்டு மாசம் ஆச்சு."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "நல்ல இடமாங்க?" என்றது குரல்.

"நல்ல இடமாத்தான் இருக்கும். அவர் யாருக்கும் ஒரு கெடுதலும் நினைச்சதில்ல."

"நிரந்தரமா..."

"பின்ன?"

"திரும்பி வர்ற எண்ணம்..."

"எப்படிங்க வருவார்."

"சரிங்க. ரொம்ப நன்றி."

போனை வைத்துவிட்டு அவள் நெடுநேரம் அழுதாள். அன்று முதலாளியிடம், "முன்னப்பின்ன தெரியாத மனுஷன், எவ்வளவு பதமா விசாரிச்சார் தெரியுமா," என்று சொன்னாள். ஐந்து மாதம் அந்தக் குரலை நன்றியோடு நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பதினான்காம் பக்கத்தைப் பையில் வைத்துக்கொண்டு மையத்துக்குப் போனாள். கீழ்த்தளக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவனை அவளுக்குத் தெரியும். மொழியியலில் பட்டம் வாங்கியவன். 'தமிழில் எதிர்மறை வினைகள்'. பச்சைத் துணி அட்டை, நானூற்று ஐந்து பக்கம், அவள் தைத்ததுதான். இல்லை, அல்ல, மாட்டேன், கூடாது என்று ஐந்து வருஷம் ஆராய்ந்ததால் கூட்டாளிகள் அவனை எதிர்மறை என்பார்கள். அவனும் அந்த இருபத்தெட்டுப் பேரில் ஒருவன். மையத்தில் அனுபவத்துக்காகச் சம்பளமில்லாமல் வேலை பார்த்தான். மையம் மதில் சுவருக்கு வெளியே இருப்பதால் அவன் வெளியே வேலை பார்ப்பவனாக அறிக்கையில் வந்திருந்தான்.

"தம்பி, இது தப்பா விழுந்திருக்கு," என்று பக்கத்தை நீட்டினாள்.

அவன் அதை வாங்கிப் பார்க்கவில்லை. "பதிவு இருக்குக்கா," என்று ஒரு பொத்தானை அமுக்கினான். அவளுடைய குரல் அறை முழுக்கக் கேட்டது. அவர் போய்ட்டாருங்க. நல்ல இடமாத்தான் இருக்கும். எப்படிங்க வருவார்.

அப்போதுதான் அவளுக்கு அந்த அடக்கமான குரல் யாருடையது என்று தெரிந்தது.

"நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கேன்," என்றான் அவன்.

"நான் சொன்னது உனக்குப் புரியலையா தம்பி? நீ இதையே படிச்சவனாச்சே."

அவன் மேஜைமேல் இருந்த ஸ்டேப்ளரை நேராக வைத்தான். "புரிஞ்சுது."

"அப்புறம்?"

"படிவத்துல ரெண்டு கட்டந்தான் இருக்குக்கா. உள்ளே, வெளியே. அவர் உள்ளே இல்லையே."

அவள் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவனைத் திட்ட வேண்டும் என்று தோன்றியது. அவன் சட்டையின் காலர் திருப்பித் தைக்கப்பட்டிருந்தது. தைக்கிறவள் கண்ணுக்கு அது தப்பாது. திட்டவில்லை.

"சரி, மாத்திக் குடு."

"திருத்தத்துக்குச் சம்பந்தப்பட்ட பட்டதாரியே நேர்ல வரணும்."

"அவர் எப்படி வருவார்?"

"வராட்டி, வெளிய வேலை அதிகம்னு எடுத்துக்குவாங்க."

"நான் அவர் பொண்டாட்டி. நான் வந்திருக்கேன்ல."

"மையம் முனைவர்களுக்கு மட்டுந்தான்க்கா. உங்களுக்குப் பட்டம் இருக்கா?"

"நானூறு பட்டம் தைச்சிருக்கேன்."

அவன் ஒரு கணம் சிரிக்கப் பார்த்தான். பிறகு மாடிக்கு அனுப்பினான்.

இரண்டாம் மாடியில் ஆலோசகர் அம்மா இருந்தார். அவள் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "நாங்க இங்க அந்த மாதிரி வார்த்தையெல்லாம் பயன்படுத்துறதில்லைம்மா. வேலை கிடைக்காதவங்கன்னு சொல்ல மாட்டோம், கிடைக்கவிருக்கிறவங்கன்னு சொல்வோம். உங்க கணவரும் ஒரு மாற்றத்துலதான் இருக்கார். எல்லாரும் பயப்படுற ஒரு பெரிய மாற்றத்தை அவர் எங்க பயிற்சிக்குப் பிறகு எவ்வளவு அமைதியா எதிர்கொண்டிருக்கார் பாருங்க. உட்கார்ந்த நிலை மாறவே இல்லைன்னு கேள்விப்பட்டேன். அந்தப் பாடத்தை நான்தான் எழுதினேன்."

ஆலோசகர் அம்மா ஒரு தாளை எடுத்துச் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"நீங்களும் சோர்ந்துபோகக் கூடாது. எங்கயாவது விண்ணப்பிக்கும்போது விதவைன்னு போட்டுராதீங்க. 'தனித்து முடிவெடுக்கும் அனுபவம்'னு போடுங்க. எடுபடும்."

அவள் மூன்றாம் மாடிக்கு ஏறினாள். படியேறும்போது மூச்சு வாங்கினாலும் மனசு இலேசாக இருந்தது. கீழே இருப்பவர்கள் சம்பளக்காரர்கள், சம்பளம்கூட இல்லாதவர்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இயக்குநருக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்தால் துடித்துப்போவார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

இயக்குநரின் அறையில் மூன்று சுவர்களிலும் கேடயங்கள். அவளைப் பார்த்ததும் அவர் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். டீ சொல்லி அனுப்பினார்.

"ஏன்ம்மா இவ்வளவு நாளா வரல? நான் வேத்தாளா?"

அவள் பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள். "இதுல அவர் பேர் வந்திருக்கு சார். உங்க கவனத்துக்கு வந்திருக்காது."

இயக்குநர் பக்கத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். முகத்தில் கொஞ்சம் வருத்தமும் நிறைய வாஞ்சையும் இருந்தது.

"வந்துச்சும்மா. தெரியும்," என்றார். "நான்தான் இருக்கட்டும்னு சொன்னேன்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் அந்த முதல் பெயரை விரலால் தடவினார்.

"நான் என்ன கல்லா? அந்தப் பேரைப் பார்த்ததும் கை நடுங்கிடுச்சு. ஒரு நிமிஷம் கண்ணை மூடி அவனை நினைச்சுக்கிட்டேன். அப்புறந்தான் கையெழுத்துப் போட்டேன்."

"ஏன் சார் போட்டீங்க?"

"நூறு விழுக்காடும்மா. இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு. எந்த நாட்டு மையத்துலயும் கிடையாது. திங்கட்கிழமை வெளிநாட்டுக் குழு ஒண்ணு இதைப் பார்க்கத்தான் வருது." அவர் நாற்காலியை முன்னால் நகர்த்தினார். "இன்னொண்ணு சொல்றேன், வெளிய சொல்லாத. அந்த இருபத்தெட்டுப் பேருல ஒருத்தன் காப்பீடு விக்கிறான், ரெண்டு பேர் டியூஷன் எடுக்கிறாங்க, நாலு பேர் இந்த மையத்துலயே இருக்காங்க, மிச்சப் பேர் எங்கன்னு எனக்கே தெரியாது. தர ஆய்வுக் குழு போன தடவை கேட்ட ஒரே கேள்வி, நிரந்தர வேலை எத்தனைன்னு. உன் புருஷனோடது மட்டுந்தான்ம்மா நிரந்தரம்."

"அவர் கடைசி வரைக்கும் உங்களைத்தான் நம்பிட்டிருந்தார் சார். பேராசிரியர் கைவிட மாட்டார்னு சொல்லிட்டே இருப்பார்."

"கைவிடலையே. உயிரோட இருந்தப்போ என்னால ஒண்ணும் செய்ய முடியல, ஒத்துக்கிறேன். துறையில அந்த மருமகன் விவகாரத்துல என் கையைக் கட்டிட்டாங்க. அதனாலதான் இப்பவாவது செய்யணும்னு அவனை முதல் பேராப் போட்டேன். அகர வரிசைப்படி பார்த்தா அவன் பத்தொன்பதாவது."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் பொய் சொல்லவில்லை. சாவன்று அழுததும் பொய்யில்லை. அந்தக் கண்ணீரை இத்தனை நாள் ஒரு கடனைப் போல மனசில் வைத்திருந்தோமே என்று அவளுக்குத் தன்மேல்தான் ஆத்திரம் வந்தது.

"அந்தப் பேரை எடுத்துருங்க சார்."

"எடுத்து எங்கம்மா போடறது?"

"எங்கயும் போட வேண்டாம்."

"அப்படி முடியாதும்மா. பதிவு பண்ணினவன் ஏதாவது ஒரு பட்டியல்ல இருந்தாகணும். விதி." இயக்குநர் மணியடித்தார். எதிர்மறை வந்து கதவோரம் நின்றான். "அந்த ரெண்டாவது பட்டியலையும் திருத்தப் படிவத்தையும் எடுத்துட்டு வா."

அவன் கொண்டுவந்த தாளில் தலைப்பைத் தவிர ஒன்றும் இல்லை. மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுவதாம். இதுவரை ஒரு பெயரும் ஏறாததால் வெறும் தாளாகவே ஒட்டி வெறும் தாளாகவே கிழித்திருக்கிறார்கள். இயக்குநர் அதை அவள் பக்கம் திருப்பி வைத்தார். 'வெளியேறத் தவறியவர்கள்' என்றிருந்தது.

"அங்க இல்லைன்னா இங்கதான். முதல் ஆளா அவன் பேர்தான் இதுல ஏறும். வர்றவன் போறவனெல்லாம் பார்ப்பான்." அவர் குரல் கனிந்தது. ஒரு தகப்பன் போலச் சாய்ந்து உட்கார்ந்தார். "நான் கட்டாயப்படுத்த மாட்டேன். படிவம் இருக்கு, பேனா இருக்கு, சாட்சிக்கு இந்தப் பையன் இருக்கான். நீயே சொல்லும்மா. உன் புருஷன் வென்றவனா, தவறினவனா?"

அவள் தாளைக் கையில் எடுத்தாள். தலைப்பை ஒரு தடவை படித்தாள். பின்பாதியை இன்னொரு தடவை படித்தாள்.

"தவறினவர்தான் சார்," என்றாள்.

"யோசிச்சுச் சொல்லு."

"ஏழு மாசமா யோசிச்சாச்சு. அவர் தவறிட்டார்."

இயக்குநருக்குப் பிடிபடவில்லை. கதவோரம் நின்றவனுக்குப் பிடிபட்டது. அவன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான், உடனே தரையைப் பார்த்துக்கொண்டான். அவள் படிவத்தில் தன் பெயரைத் தெளிவாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டாள். தவறிய நாள் என்ற கட்டத்தில் நாள், மாதம், வருஷம் மூன்றையும் எழுதினாள். மதியம் என்றும் எழுதினாள்.

"சாட்சி போடு தம்பி."

"சார்..." என்று அவன் இயக்குநரைப் பார்த்தான்.

"வரிசை எண் போட்ட படிவம்," என்றார் இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு. "கிழிக்க முடியாது. போடு." அவன் போட்டதும் அவர் அவள் பக்கம் திரும்பினார். வாஞ்சை எல்லாம் போய்விட்டிருந்தது. "நான் தோள் கொடுத்துத் தூக்கினவன்மா. நீ கட்டினவ, நீ கீழ போட்டுட்ட. அவன் ஆத்மா உன்னை மன்னிக்காது."

டீ வந்தது. அவள் குடிக்காமல் எழுந்தாள்.

மறுநாள் திருத்திய பதினான்காம் பக்கம் நூற்றைம்பதும் கடைக்கு வந்துசேர்ந்தன. இருபத்தேழு பெயர்கள் இருந்தன. நூறு விழுக்காடு என்றிருந்த இடங்களிலெல்லாம் 'ஏறத்தாழ நூறு விழுக்காடு' என்று ஆகியிருந்தது. அவள் பழைய பக்கங்களை உருவிவிட்டுப் புதியவற்றைச் செருகி, வெள்ளிக்கிழமை மாலைக்குள் தைத்து முடித்தாள். திங்கட்கிழமை வெளிநாட்டுக் குழு வந்தது. ஏறத்தாழ என்பதை அவர்கள் பெரிய நேர்மையாகக் கருதிப் பாராட்டினார்களாம். மையத்துக்கு இன்னொரு கேடயம் கிடைத்தது. அதை மாட்டச் சுவரில் இடம் இல்லாததால் ஜன்னலை அடைத்தார்கள்.

பட்டியல் பலகையில் ஏறிவிட்டதா என்று பார்க்க அவள் அந்த வாரமே ஒரு காலையில் போனாள். கீழ்த்தளத்தில் அன்று புதிதாகப் பதிவு செய்ய வந்தவர்களின் வரிசை படிக்கட்டுவரை நின்றது. எல்லார் கையிலும் கோப்பு. பலகையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்றில் இருபத்தேழு பெயர்கள். இன்னொன்றில் அவர் பெயர் மட்டும், முன்னால் 'முனைவர்' என்று போட்டு, பக்கத்தில் தேதியோடும் 'மதியம்' என்ற குறிப்போடும். மேலே ஒரே சொல்லில் தலைப்பு. 'தவறியவர்கள்'.

எதிர்மறை கவுன்ட்டரிலிருந்து எழுந்து வந்தான். "தலைப்பு ஒரு வரியைத் தாண்டக் கூடாதுன்னு விதி இருக்குக்கா," என்றான் யாருக்கும் கேட்காத குரலில். "முன்னாடி இருந்த சொல்லை எடுத்துட்டேன். எனக்கு வேற எதுவும் பண்ணத் தெரியல."

அவளுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. அவன் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தான்.

வரிசையின் கடைசியில் நின்ற பெண்ணொருத்தி, இருபத்தேழு பேர் பட்டியலை விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தாளுக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். கோப்பை மார்போடு அணைத்திருந்தாள். தலைப்பைக் கவனிக்காமல் தேதியையும் 'மதியம்' என்பதையும் மட்டும் படித்தவள் நேர்காணல் நேரம் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

"அக்கா, இதுல ஒரே ஒருத்தர்தான் இருக்காரே. ரொம்பக் கஷ்டமான தேர்வோ?"

"ஆமாம்மா."

"இதுல பேர் வரணும்னா என்னக்கா பண்ணணும்?"

அவள் அந்தப் பெண்ணின் கையிலிருந்த பதிவுச் சீட்டைப் பார்த்தாள். இன்றைய தேதிதான், மை காயவில்லை.

"தனியா ஒண்ணும் பண்ண வேண்டாம்மா," என்றாள். "இங்க விடாம வந்துட்டிருந்தா போதும்."